வெறும் வயிற்றில் வரவும்

"பிஆர் படிக்கிறேன்" என்று சொன்னதும் ஜொகூர் பாருவில் இருக்கும் என் மாமா கேட்டார்: "சிங்கப்பூர் பிஆரா? அதுக்கு எதுக்கும்மா படிக்கணும்?" அவருக்குத் தெரிந்த பிஆர், பாலத்துக்கு அந்தப் பக்கம் கிடைக்கிற நிரந்தரவாசத் தகுதி. அம்மா, வரவேற்பு மேசையில் உட்காரும் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் படிக்கும் பிஆர், அதாவது மக்கள் தொடர்பு, என்றால் என்ன என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன். காசு கொடுத்து நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது விளம்பரம். நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதும்போது அவருக்குச் சரியான தகவலை நேரத்துக்குக் கொடுப்பது மக்கள் தொடர்பு. அம்மா யோசித்துவிட்டு, "பொய் சொல்லாம அதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டார். 1906இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில் தண்ணீருக்குள் விழுந்தபோது, ஐவி லீ என்பவர் ரயில் நிறுவனத்தை இணங்கவைத்து உண்மைத் தகவல்களைத் தாமாகவே பத்திரிகைகளுக்குக் கொடுக்க வைத்த கதையைச் சொன்னேன். முதல் செய்தி அறிக்கை அதுதான் என்று பாடத்தில் படித்திருந்தோம். அம்மா தலையசைத்தார். முழுசாக நம்பினாரா என்று தெரியவில்லை.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் ஜூனியர்கள் பலர் இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கு அது 14 வாரம், கோலாலம்பூரில், பங்சாரில் உள்ள ஒரு சின்ன ஏஜென்சியில். நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு வரியைச் சுற்றித்தான் இருக்கிறது. அந்த வரிக்கு வருவதற்கு முன்னால், உள்ளே நுழைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

19 இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். முதல் 12க்கும் ஒரே கடிதம்தான், நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினேன். ஒரு பதிலும் வரவில்லை. எங்கள் விரிவுரையாளரிடம் போய் நின்றேன். என் ரெஸ்யூமேயைப் பார்த்த அவர், "நீ எழுதினது எங்கே?" என்றார். எழுதினது என்று ஒன்றும் இல்லை என்றேன். பேச்சுவாக்கில், செந்தூலில் எங்கள் கோயில் இளைஞர் பிரிவு நடத்திய இலவச டியூஷன் வகுப்பைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த செய்தி தமிழ்ப் பத்திரிகையில் வந்ததைச் சொல்லி, கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் படத்தைப் பெரிதாக்கி, எத்தனை பத்தி வந்திருக்கிறது, நான் அனுப்பியது எத்தனை பத்தி என்று கேட்டார். அனுப்பியது ஏழு, வந்தது ஐந்து. "இது ஏன் உன் ரெஸ்யூமேயில் இல்லை?" என்றார்.

எனக்கே அந்தக் கேள்வி உறைத்தது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழ் எடுத்து ஏ வாங்கியவள், மொழிகள் என்ற இடத்தில் ஆங்கிலம், மலாய் இரண்டையும் முன்னால் போட்டுவிட்டு, தமிழுக்கு நேராக "பேசுவேன்" என்று மட்டும் எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து அதைத் திருத்தினேன். எழுத்து மாதிரி மூன்று சேர்த்தேன்: ஆங்கிலத்தில் ஒன்று, மலாயில் ஒன்று, பத்திரிகையில் வந்த அந்தத் தமிழ்ச் செய்தி. மீதி ஏழு இடங்களுக்கு, ஒவ்வொருவரும் அண்மையில் வெளியிட்ட செய்திகளைத் தேடிப் படித்துவிட்டு, தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். ஐந்து பதில், இரண்டு நேர்காணல்.

இரண்டாவது நேர்காணலில்தான் இடம் கிடைத்தது. செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ரயில் ஏறி, மஸ்ஜிட் ஜாமேக்கில் மாறி, பங்சாரில் இறங்கும்போது கையெல்லாம் வியர்த்திருந்தது. இரண்டு பக்கத் தகவலைக் கையில் கொடுத்து, 45 நிமிடத்தில் ஆங்கிலத்திலும் மலாயிலும் அறிக்கை எழுதச் சொன்னார்கள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று வரிசையாக அடுக்கி எழுதினேன். படித்துப் பார்த்த மேலாளர் இலக்கணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிகழ்ச்சிக்கு ஓடுகிற நிருபர் இதை எதுக்குப் போடணும்?" என்று மட்டும் கேட்டார். என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்யாமல் எந்த நேர்காணலுக்கும் போகாதீர்கள்.

முதல் வாரம் முழுக்க ஊடகப் பட்டியல்தான். எந்தப் பத்திரிகை, யார், எந்த எண், எந்த மின்னஞ்சல் என்று நீண்ட அட்டவணை ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொன்றாக அழைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். தமிழ்ப் பகுதியில் முதல் வரிசையிலேயே தமிழ் நேசன் இருந்தது. 1924இல் தொடங்கிய பத்திரிகை, 2019இல் நின்றுபோனது. என் தாத்தா காலை காபியோடு படித்த பேப்பர் அது. நின்ற பிறகும் பட்டியலில் அதை யாரும் எடுக்கவில்லை என்றால், அத்தனை நாளும் தமிழ்ப் பகுதிக்கு யாருமே அழைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அந்த வரிசையை அழிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அழித்துவிட்டு, மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர், மின்னல் எஃப்எம், ராகா வானொலிகள், பெர்னாமா செய்தி நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவு என்று புதிதாக எழுதினேன்.

பிரமுகர்களின் கௌரவப் பட்டங்களை எழுதுவதும் அந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டதுதான். டத்தோவா, டத்தோஸ்ரீயா, டான்ஸ்ரீயா என்பதை இணையத்தில் பார்த்து எழுதக் கூடாது. அவர் அலுவலகத்துக்கே அழைத்துக் கேட்க வேண்டும். ஒரு படக் குறிப்பில் நான் 'ஸ்ரீ'யை விட்டிருந்தேன். எனக்கு மேலே இருந்த அக்கா அனுப்புவதற்கு முன்னால் அதைப் பிடித்துவிட்டார்.

ஐந்தாவது வாரம் வந்தது அந்த வேலை. ஒரு வாடிக்கையாளர் சார்பாக, நீரிழிவுக்கும் சிறுநீரகத்துக்கும் இலவசப் பரிசோதனை முகாம்கள். முதலாவது செந்தூலில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆங்கில அறிக்கை தயாராக இருந்தது. அதன் தமிழாக்கம் என்று வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு தாள் வந்தது. மேலே தலைப்பு: 'இலவச சிறுநீரகத் திரையிடல்'.

இப்படிப் போயிருந்தால் பேப்பர் அலுவலகத்திலிருந்து அழைத்து "என்ன படம்மா போடுறீங்க?" என்று கேட்டிருப்பார்கள். 'ஸ்கிரீனிங்'கை மொழிபெயர்ப்பு இயந்திரம் சினிமாவாக்கிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். திரையிடலைப் பரிசோதனை ஆக்கினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பாட்டி, "நீரிழிவுன்னா யாருக்குடி புரியும், இனிப்புநீர்னு போடு" என்றார். இரண்டையும் போட்டேன். அக்கா படித்துவிட்டு, "தமிழ் நல்லா இருக்கு" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கே மண்டப வாசலில் வரிசை. நான் பதிவு மேசையில் இருந்தேன். கெப்போங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு தாத்தா, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த பேப்பர் துண்டை எடுத்து நீட்டினார், அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்பது போல. என் செய்தி. ஓரங்களைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார். தாதி வந்து, "ஏதும் சாப்பிட்டீங்களா, தாத்தா?" என்று கேட்டார்.

"ரெண்டு தோசை சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். ஏன்?"

வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு முன்னால் குறைந்தது எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். தாதி அதைச் சொன்னதும் தாத்தா கோபப்படவில்லை. பேப்பரை விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினார். "இதுல ஒண்ணும் போடலையேம்மா" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். நான்கு பத்தி வந்திருந்தது. நான் எழுதியது ஆறு. 'வெறும் வயிற்றில் வரவும்' என்பது ஆறாவது பத்தியில், பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. இடம் போதாதபோது பேப்பரில் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். முதல் ஆண்டிலேயே படித்த பாடம். கோயில் செய்தியில் ஏழு ஐந்தானதை விரிவுரையாளர் எண்ணிக் காட்டியும் இருந்தார். வெட்டியவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆங்கில அறிக்கையில் முதல் பத்தியில் வாடிக்கையாளரின் பெயர், இரண்டாவதில் அவர்களுடைய சமூக அக்கறை, மூன்றாவதில் முகாமைத் திறந்துவைப்பவர், கடைசியில் மக்களுக்கான குறிப்பு. நான் வார்த்தைகளை எல்லாம் மாற்றினேன், வரிசையைத் தொடவே இல்லை. தமிழில் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஆங்கில அறிக்கைக்குத் தமிழ்ச் சட்டை போட்டதுதான்.

அன்று காலை சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் 23 பேர். சிறுநீரும் இரத்த அழுத்தமும் மட்டும் பார்த்து அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டாவது முகாம். அங்கே வர விருப்பமா என்று கேட்டு எண்களை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "அடுத்ததை எப்படி எழுதுவே?" என்றார். இந்தத் தடவை ஆங்கிலத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, கெப்போங் தாத்தாவை எதிரே உட்கார வைத்தது போல நினைத்து எழுதினேன். தலைப்பு: 'வெறும் வயிற்றில் வரவும்: பிரிக்ஃபீல்ட்ஸில் இலவச இனிப்புநீர்ப் பரிசோதனை'. முதல் பத்தியில் நாள், இடம், எட்டு மணி நேரம், தண்ணீர் குடிக்கலாம். தினமும் மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே அழைத்துக் கேட்க ஓர் எண். இரண்டாவதில் ஏன் வர வேண்டும் என்பது: 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதுவும் மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அதிகம். 'இந்தியர்களிடம் அதிகம்' என்பதைத் தலைப்பிலேயே போடச் சொன்னார் ஒருவர். நான் வேண்டாம் என்றேன். பயமுறுத்தினால் நம் ஆட்கள் பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள், வரமாட்டார்கள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வாடிக்கையாளரின் பெயர் மூன்றாவது பத்திக்குப் போனது. அதற்கு அவர்களைச் சம்மதிக்க வைக்க மேலாளருக்கு இரண்டு நாள் ஆனது. வானொலிக்குத் தனியாக நான்கே வாக்கியம், வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதினேன்.

முகாமுக்கு முந்தின நாள் மாலை அந்த 23 பேருக்கும் அழைத்தேன். "நாளைக்குக் காலையில பசியாறாம வாங்க" என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். பெரும்பாலானவர்கள் வந்தார்கள். கெப்போங் தாத்தா மூன்று முறையும் எடுக்கவில்லை. வரவும் இல்லை. மற்றபடி சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை.

கடைசியில், வேலை எப்படி முடிந்தது என்று வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அறிக்கை. வந்த செய்திகளை எல்லாம் அளவுகோல் வைத்து அளந்து, அந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதை வெள்ளியில் (ரிங்கிட்டில்) கணக்கிட்டு, மூன்றால் பெருக்கச் சொன்னார்கள். விளம்பரத்தைவிடச் செய்திக்கு நம்பகம் அதிகம் என்பதால் அந்த மூன்று மடங்காம். எனக்கு அம்மாவின் கேள்வி ஞாபகம் வந்தது. இப்படி விளம்பரக் கட்டணத்தை வைத்து மக்கள் தொடர்பின் மதிப்பைச் சொல்லக் கூடாது என்று இந்தத் துறையில் அளவீடு செய்பவர்களே 2010இல் பார்சிலோனாவில் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். பாடத்தில் இருந்த அந்தப் பக்கத்தை மேலாளரிடம் காட்டினேன். அவருக்கு அது தெரியும். வாடிக்கையாளர் வெள்ளிக் கணக்குத்தான் கேட்கிறார் என்றார். மூன்றால் பெருக்காமல் அந்தக் கணக்கைக் கடைசிப் பக்கத்தில் போடலாம் என்று முடிவானது. முதல் பக்கத்துக்கு என்னிடம் வேறு ஒன்று இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பதிவுத் தாளில் நான் சேர்த்திருந்த கேள்வி: 'இந்த முகாம் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' தமிழ்ப் பேப்பர், வானொலி, கோயில், பக்கத்து வீட்டுக்காரர் என்று கட்டங்கள். தாள்களைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணினேன். பேப்பரும் வானொலியும்தான் முன்னால் நின்றன. யாரும் எதிர்பார்க்காத விதமாக, பக்கத்து வீட்டுக்காரர் அவற்றுக்கு மிக அருகில் இருந்தார்.

14 வாரம் முடிந்ததும் போர்ட்ஃபோலியோவைத் திருத்தி அமைத்தேன். முதல் பக்கத்தில் செந்தூல் அறிக்கையும் பேப்பரில் வந்த நான்கு பத்தியும் பக்கம் பக்கமாக, வெட்டுப்பட்ட வரியைச் சிவப்பில் வட்டமிட்டு. அடுத்த பக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் அறிக்கை. சரியாக வந்ததை மட்டும் வைத்தால் போதாதா என்று தோழி கேட்டாள். செந்தூல் பக்கம் இல்லாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தை விளக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு மருத்துவமனையின் தகவல் தொடர்புப் பிரிவில் நேர்காணல். இரண்டு பிரதி வண்ணத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன்.