கொழுந்து எடுத்த வலி அல்ல அது

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தோள்வலி இல்லாத பெண்ணைக் காண்பது அரிது. காலையிலிருந்து சரிவில் நின்று கொழுந்து எடுத்து, நிறுக்கும் இடம் வரை அதைச் சுமந்து செல்லும் உடம்பில் கழுத்தும் முதுகும் வலித்தால் அதை யாரும் ஒரு வருத்தமாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஓய்வுபெற்ற பிறகும் கைக்காசுக்கு மலைக்குப் போய்வரும் என் அம்மாவுக்கு மாரடைப்பு வந்தபோது, அதை அடையாளம் காண்பதில் இருந்த பெரிய சிக்கல் இதுதான்.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்றே பலரும் எண்ணுகிறோம். நெஞ்சில் ஏற்படும் வேதனைதான் பெண்களுக்கும் மிகப் பொதுவான அறிகுறி. ஆயினும் அது கூர்மையான வலியாக இல்லாமல் இறுக்கமாகவோ பாரமாகவோ எரிச்சலாகவோ இருக்கக்கூடும். அதனுடன் மூச்சு வாங்குதல், குமட்டல், தாடையிலும் மேல்முதுகிலும் வலி, காரணம் புரியாத அசதி ஆகியவை சேர்ந்து வருவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நீண்ட காலம் சீனி வியாதி உள்ளவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் நெஞ்சுவலி மங்கலாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அம்மா பல வருடங்களாகச் சீனிக்கும் பிரஷருக்கும் கிளினிக் போகிறவர்.

சில நாட்களாகவே அவர் எங்கள் வரிசை வீடான லயத்துக்கு ஏறிவரும் படிக்கட்டின் நடுவில் நின்று, இடது தோளைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஏறிவந்தார். நின்றால் வலி விட்டது. ஏறினால் திரும்ப வந்தது. வேலையால் வரும் தசைவலி பெரும்பாலும் கையைத் தூக்கும்போதும் அமுக்கும்போதும் கூடும். நடையோடு வந்து ஓய்வோடு மறையும் வலி, அது தோளில் இருந்தாலும் தாடையில் இருந்தாலும், இருதயத்துக்குப் போதிய இரத்தம் போகவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம் என்று பின்னர் வைத்தியர் விளக்கினார்.

அன்றிரவு சாப்பாட்டைத் தொடாமல் அடுப்பருகே உட்கார்ந்திருந்தவர், “கேஸ் ஏறிருச்சு புள்ள, முதுகுல கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடு” என்றார். தேய்க்கப் போன என் கையில் ஈரம் பட்டது. போர்வைக்குள்ளும் நடுங்கவைக்கும் தை மாதக் குளிரில் அம்மாவின் இரவிக்கை முதுகோடு ஒட்டும்படி வியர்வையில் நனைந்திருந்தது. தோல் சில்லென்று இருந்தது. வலிக்கும் இடத்தை அமுக்கிப் பார்த்தேன், கூடவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன், மாறவில்லை. பக்கத்து வீட்டு அத்தை கொண்டுவந்த ஓமத் தண்ணீரைக் குடித்ததும் ஓர் ஏப்பம் வந்து சற்று இலேசாக இருப்பதாக அம்மா சொன்னார். ஆனால் வியர்வை நிற்கவில்லை, கீழ்த்தாடை கடுக்கத் தொடங்கியது. ஏப்பம் விட்டால் ஆறுதல் கிடைப்பதை வைத்து இருதயத்தில் குறையில்லை என்று தீர்மானிக்க முடியாது. விடியட்டும், டிஸ்பென்சரியில் காட்டலாம் என்று அங்கிருந்தோர் சொன்னதை நான் ஏற்கவில்லை.

1990 இலக்கத்துக்கு அழைத்தேன். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது, தமிழிலும் பேசலாம். வயது, சீனி வியாதி, வியர்வை, தாடைவலி, எப்போது தொடங்கியது என்பவற்றை வரிசையாகச் சொன்னேன். எங்கள் பாதையின் நிலைமையில் அம்புலன்ஸ் லயம் வரை ஏறாது என்பதால், இறக்கத்தில் அம்மாவை நடக்கவிடாமல் நாற்காலியில் உட்காரவைத்து அயல்வீட்டுப் பையன்கள் தூக்கிவந்தார்கள். நடந்தே வருகிறேன் என்று அவர் பிடித்த பிடிவாதத்தை அடக்குவதுதான் அந்த இரவின் கடினமான வேலை.

வைத்தியசாலையில் முதலில் எடுத்த, இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் ஈசீஜியில் பெரிதாக எதுவும் இல்லை. “கேஸ்ட்ரைட்டிஸ்தான்” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டதும் அம்மா எழுந்து செருப்பைத் தேடினார். முதல் ஈசீஜி சரியாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இருதயத் தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் ட்ரொபோனின் என்ற புரதமும் சில மணி நேரம் கழிந்தே தெளிவாகத் தெரியலாம் என்பதால், அந்தச் சோதனையையும் இடைவெளி விட்டு மறுபடி செய்கிறார்கள். படிக்கட்டில் நின்று நின்று ஏறியதையும் வியர்வையையும் நான் மீண்டும் சொன்னேன். கடமையிலிருந்த இளம் பெண் வைத்தியர் அதைக் குறித்துக்கொண்டு அம்மாவை நோயாளர் விடுதியில் நிறுத்தினார். இரண்டாவது இரத்தப் பரிசோதனையில் ட்ரொபோனின் ஏறியிருந்தது.

அஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்கள். இரத்தம் உறையாதிருக்க வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி போட்டார்கள். இருதய இரத்தக் குழாய் முழுதாக அடைபட்டதை ஈசீஜி காட்டும் மாரடைப்புகளில், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தையோ, அடைபட்ட குழாயைத் திறக்கும் அஞ்சியோபிளாஸ்ரி சிகிச்சையையோ எவ்வளவு சீக்கிரம் தருகிறார்களோ அவ்வளவு தசை பிழைக்கும். அம்மாவுக்கு வந்தது அந்த வகை அல்ல என்பதால், நிலைமையைச் சீராக்கிய பிறகு கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இருதய இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் செய்து, சுருங்கியிருந்த இடத்தில் குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற வலைச்சுருளை வைத்தார்கள். அம்மா விழித்தபடியேதான் இருந்தார்.

வீடு திரும்பியபின் கவனம் முழுவதும் மருந்தில் சென்றது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையக்கூடும். நெஞ்சோ தாடையோ இறுகினால் உட்கார்ந்து, நாக்கின் கீழ் வைக்கவென்று தனியாகத் தந்த ஜி.ரி.என் மாத்திரை ஒன்றை வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் 1990க்கு அழைக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அம்மா அந்த ஜி.ரி.என் மாத்திரைகளை வெற்றிலை பாக்கோடு சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தார். வெளிச்சமும் உடல்சூடும் பட்டால் அவற்றின் வீரியம் குறையும். கண்ணாடிப் போத்தலிலேயே இறுக மூடி வைக்க வேண்டும். பழையதை எறிந்துவிட்டுப் புதிய போத்தலைச் சாமிப் படத்தட்டின் ஓரத்தில் வைத்தேன். அந்த இடத்தை அவர் மறக்கமாட்டார்.