மாம்பலம் மொட்டைமாடியிலிருந்து ஓரியன் நெபுலா

ஓரியன் விண்மீன் கூட்டத்தில் ஒளிரும் வாயு, தூசு மேகமான இந்த நெபுலாவைப் படமெடுக்க நான் மாடியேறும் மூன்றாவது மார்கழி இது. இந்த முறைதான் நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் புள்ளியாக விழுந்திருக்கின்றன.

என்னுடையது 80 மில்லிமீட்டர் லென்ஸும் 400 மில்லிமீட்டர் குவியத்தூரமும் கொண்ட சின்னத் தொலைநோக்கி. அதைத் தாங்கும் மவுண்ட் வானத்தோடு சேர்ந்து திரும்பும். ஆனால் அதன் அச்சு துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே அதே 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். எங்கள் மாடியில் அந்த இடத்தைப் பக்கத்துக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. கைப்பேசியின் திசைகாட்டியை நம்பியதில் இரண்டு மார்கழிகள் போயின.

இம்முறை ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில், மேற்கு ஓரத்து மின்டகாவைப் பிடித்தேன். அது ஏறக்குறைய வான நடுக்கோட்டின், அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் ஓடும் கற்பனைக் கோட்டின், மேலேயே இருக்கிறது. கிழக்கே தாழ்ந்திருக்கும்போது அது திரையில் வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்தால் அச்சின் உயரம் தவறு. உச்சியைக் கடக்கும்போது நகர்ந்தால் அச்சின் திசை தவறு. இரவு ஏழரைக்கு உயரத் திருகு, பதினொன்றரைக்குத் திசைத் திருகு. மயிரிழை திருப்புவேன், ஐந்து நிமிடம் காத்திருப்பேன், மறுபடி திருப்புவேன். கடைசியில் மின்டகா குறுக்குக்கோட்டை விட்டு அசையவே இல்லை! முக்காலியின் கால்கள் நின்ற மூன்று இடங்களிலும் அப்போதே பெயிண்ட் வைத்துவிட்டேன்.

மறுநாள் பனி. ஒரு மணிக்கு நட்சத்திரங்கள் எல்லாம் ஊதிப் பெருத்துத் தெரிந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸ் முழுக்க ஈரம். பழைய யோகா பாயை வெட்டிக் குழாயின் முனையில் நீளமாகச் சுற்றிய பிறகு விடியும்வரை தாக்குப்பிடித்தது.

நம் ஊர் வெளிச்சத்தில் நீண்ட எக்ஸ்போஷர் வைத்தால் வானமே வெளுத்துவிடும். அதனால் 30 வினாடிப் படங்களாக 140 எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். படங்கள் நான்கு மடங்கானால் படத்தில் தூவியது போல் தெரியும் புள்ளிகள், அதாவது இரைச்சல், பாதியாகும். ஹைட்ரஜனின் சிவப்பு சிறகு விரித்தது போல எழுந்து வந்தது. ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவு. மாமல்லபுரத்தில் பல்லவர்கள் கல் செதுக்கிய நாட்களில் கிளம்பிய ஒளி அது.

நடுப்பகுதி மட்டும் வெந்து வெள்ளையாகிவிட்டது. அதற்கென 2 வினாடிப் படங்கள் தனியாக எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த வெள்ளைக்குள் ஒளிந்திருந்த டிரபீசியம் என்ற நட்சத்திரக் கொத்தின் நான்கு நட்சத்திரங்களும் தனித்தனியாக நின்றன.