கடைசி இடத்து அணிக்கு ஒரு போன்

பிராந்திய கால்பந்து லீக் ஒன்றின் கீழ்ப் பிரிவில் மேட்ச் செக்ரட்டரியாக ஒரு சீசன் முழுக்க வேலை பார்த்தேன். அட்டவணை போடுவது, மைதானமும் நடுவரும் ஏற்பாடு செய்வது, ஆட்டம் முடிந்ததும் அறிக்கை வாங்கிப் பதிவது, மஞ்சள் அட்டைகளைக் கூட்டிப் பார்த்து அடுத்த வாரம் யார் வெளியே உட்கார வேண்டும் என்று சொல்வது, இவ்வளவும் அந்த ஒரு ஆளின் வேலை. எல்லாம் சரியாக நடந்தால் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏதாவது பிசகினால் எல்லாருக்கும் அவருடைய போன் நம்பர் ஞாபகம் வந்துவிடும்.

அட்டவணை போடுவது எனக்குப் பிடித்த வேலை. 12 அணிகள் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதினால் 22 சுற்று, 132 ஆட்டம். யார் யாரோடு என்பதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. அணிகளை ஆறாறாக எதிரெதிரே இரண்டு வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர்கள் அந்த வாரம் ஆடுவார்கள். அடுத்த வாரத்துக்கு ஒரு அணியை மட்டும் அசையாமல் வைத்துவிட்டு மற்ற பதினொன்றையும் ஓரிடம் நகர்த்தினால் போதும். பதினோரு வாரத்தில் எல்லாரும் எல்லாரையும் சந்தித்துவிடுவார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான் வரும். ஒரு வாரம் சொந்த மைதானம், அடுத்த வாரம் வெளியூர் என்று மாறி மாறி வேண்டும் என்பார்கள் எல்லா அணிக்காரர்களும். அது நடக்காது. பிசகில்லாமல் மாறி மாறி வருவது இரண்டு விதம்தான்: உள்ளூரில் தொடங்குவது, வெளியூரில் தொடங்குவது. ஒரே விதத்தில் ஆடும் இரண்டு அணிகள் எல்லா வாரமும் ஒன்றாகச் சொந்த மைதானத்தில் இருக்கும், இல்லையென்றால் ஒன்றாக வெளியே போயிருக்கும். அப்படியானால் அந்த இரண்டும் எப்போது ஒன்றையொன்று சந்திப்பது? அதனால் 12 அணியில் இரண்டுக்குத்தான் பிசிறில்லாமல் அமையும். மற்ற பத்துக்கும் ஒரு பாதியில் குறைந்தது ஒரு தடவையாவது அடுத்தடுத்து உள்ளூரோ வெளியூரோ வந்தே தீரும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டினாலும், "எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றுதான் கேட்பார்கள்.

மழையில் தள்ளிப்போனவை, வெளிச்சம் போதாமல் முடிக்க முடியாதவை என்று மற்ற தொல்லைகள் எந்த லீகிலும் உள்ளவைதான். பாதியில் நின்ற ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டும், போட்டியின் விதி வேறு மாதிரி சொன்னால் ஒழிய, என்று ஆட்ட விதிகளிலேயே இருக்கிறது. தேதி கண்டுபிடித்துக் கொடுத்தால் தீர்ந்தது.

தீராத விஷயம் கடைசி இடத்து அணி. இந்த மட்டத்தில் எல்லாரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நாளில் ஆடுபவர்கள். தொடர்ந்து தோற்கும் அணியில் முதலில் ஷிப்ட் மாற்ற முடியாதவன் வராமல் நின்றுவிடுவான், அப்புறம் முழங்கால் வலிக்காரன், அப்புறம் காரணமே சொல்லாதவன். ஆட்டத்துக்கு முந்தின நாள் இரவு அந்த மேனேஜரிடமிருந்து போன் வரும்.

"அண்ணே, நாளைக்கு எட்டு பேர்தான் தேறுவாங்க போல. வந்து என்ன செய்ய?"

"ஏழு பேர் இருந்தா ஆரம்பிக்கலாம்ப்பா. நீ வா."

விதி அதுதான். ஏதாவது ஒரு அணியில் ஏழு பேருக்குக் கீழே போனால் ஆட்டம் தொடங்கவும் கூடாது, தொடரவும் கூடாது. எட்டு பேரோடு வருபவனுக்கு ஒரு சிவப்பு அட்டையைத் தாங்க முடியும், இரண்டைத் தாங்க முடியாது. இதையும் அவனிடம் சொல்லி வைப்பேன், வாயை அடக்கச் சொல்லி.

அவனை வரவழைப்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கமிட்டியிலேயே சிலர் கேட்டார்கள். வரவில்லையா, வாக்ஓவர், அதாவது எதிரணிக்கு ஆடாமலே வெற்றி, 3-0 என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? எழுதலாம். ஆனால் முதலிடத்துக்குப் போராடும் இரண்டு அணியில் ஒன்று, சீசன் தொடக்கத்தில் இதே அணியோடு முழு பலத்தில் மோதி டிரா செய்திருக்கும். இன்னொன்றுக்கு உட்கார்ந்த இடத்தில் மூன்று புள்ளி. புள்ளி சமமாகி, கோல் வித்தியாசத்தில் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) பட்டம் முடிவாகும் நிலை வந்தாலோ சண்டை தலைகீழாகும். "அவன் ஒன்பது கோல் அடிச்சான், எங்களுக்கு மூணுதானா?" என்று வாக்ஓவர் வாங்கியவரே கோபிப்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

அணியே விலகிவிட்டால் இன்னும் மோசம். பல லீக்குகளில் அந்த அணி அதுவரை ஆடிய முடிவுகளை எல்லாம் அழித்துவிடுவார்கள். இங்கிலாந்தின் நான்காம் பிரிவில் இது இரண்டு முறை நடந்தது. 1962 மார்ச்சில் அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற அணி 33 ஆட்டம் ஆடிவிட்டு விலகியது. 1992 மார்ச்சில் ஆல்டர்ஷாட் 36 ஆட்டம் ஆடிய பிறகு வெளியேறியது. இரண்டு தடவையும் அந்த ஆட்டங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அவர்களிடம் ஜெயித்தவனுக்குக் கிடைத்த புள்ளி பறிபோகும், தோற்றவனுக்கு அந்தத் தோல்வி மறைந்துபோகும். கடைசி அணியை நேர்மையாக ஜெயித்தவனுக்குத்தான் நஷ்டம். பட்டம் யாருக்கு என்பதில், எந்தப் பட்டமும் கிடைக்கப்போகாத அணிக்கும் பங்கு இருக்கிறது என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். மேலே இருப்பவர்களுக்கு ஆட வருவதற்குக் காரணம் தேவையில்லை. கீழே இருப்பவர்களுக்குக் காரணம் தேடிக் கொடுப்பதுதான் செக்ரட்டரியின் வேலை என்பது என் கட்சி.

எங்கள் லீகின் கடைசி அணி மேனேஜர் கடைசி வரை ஆள் திரட்டினார். வெளி ஆட்டத்துக்கு வேன் கிடைக்காதபோது நேரத்தை ஒரு மணி தள்ளிக் கொடுத்தேன். எதிரணி முணுமுணுத்தது, விட்டுவிட்டேன்.

கடைசிச் சுற்றை ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது தனிக்கதை. 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஹிஹோன் நகரில் ஆடியபோது, அதே குழுவிலிருந்த அல்ஜீரியா முந்தின நாளே தன் கடைசி ஆட்டத்தை முடித்திருந்தது. மேற்கு ஜெர்மனி ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு ஐரோப்பிய அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற நிலை. பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தது, அதற்குப் பிறகு பந்தை உருட்டியே நேரத்தை ஓட்டினார்கள். அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் உலகக் கோப்பையில் ஒரு குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில்தான். எங்கள் லீகுக்கு அவ்வளவு நடுவர்கள் ஒரே நேரத்தில் கிடைப்பது கஷ்டம்தான். பக்கத்து லீக்கில் கேட்டு வாங்கினோம்.

சீசன் முடிந்த கூட்டத்தில் ஒரு திருத்தம் வைத்தேன். புள்ளி சமமானால் முதலில் இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய முடிவு, அப்புறம்தான் மொத்த கோல் வித்தியாசம். ஸ்பெயினின் லா லிகாவில் அப்படித்தான். பலவீனமான அணியை யார் அதிகமாக அடித்தார்கள் என்பதில் பட்டம் தொங்காது. அந்த அணி எட்டு பேரோடு வந்த வாரம் யாருக்கு வாய்த்தது என்பதிலும் தொங்காது. கை தூக்கச் சொன்னார்கள், நிறைவேறியது. எதிர்த்துத் தூக்கியது ஒரே கை, அந்த ஒன்பது கோல் அடித்த அணியினுடையது.