ஆம்ப் மாடலை அப்புறம் மாற்றலாம், முதலில் கேபினட்டைப் பாருங்கள்

கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கர், எஃபெக்ட் எல்லாவற்றையும் டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலர் என்ற கருவியை வாங்கியவர்களிடமிருந்து எனக்குத் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்றுதான்: சவுண்டில் உயிரில்லை, மேலே ஏதோ இரைச்சல் காதைக் குத்துகிறது, கீழே கொழகொழவென்று இருக்கிறது. என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று கேட்டால், இருக்கிற ஆம்ப் மாடல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், கெய்னை, அதாவது கரகரப்பின் அளவைக் குறைத்தேன், ட்ரெபிளைக் குறைத்தேன், முன்னால் ஒரு டிரைவ் பெடல், பின்னால் ஒரு இ.கியூ. (ஒலியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது) என்று பட்டியல் நீளும். கேபினட்டை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் நகலை, என்ன செய்தீர்கள்? அது ஆம்ப்போடு தானாக வந்தது, அப்படியே இருக்கிறது என்பார்கள்.

கோளாறு பெரும்பாலும் அங்கேதான். மாடலரில் நாம் கேட்கும் டோனில் ஆம்ப்பின் பெயரைவிட, அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கருக்கும் அதன் முன்னால் இருக்கும் மைக்குக்கும்தான் பங்கு அதிகம். இதை நம்பச் சொல்லவில்லை, இப்போதே செய்து பாருங்கள். நல்ல கெய்ன் உள்ள ஒரு ஆம்ப் மாடலை எடுத்து, கேபினட் பிளாக்கை மட்டும் ஆஃப் செய்துவிட்டு ஒரு பவர் கார்டை அடியுங்கள் (வால்யூமைக் குறைத்துவிட்டு!). தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எத்தனை லட்சம் போட்டு வாங்கிய ட்யூப் ஆம்ப்பாக இருந்தாலும் ஸ்பீக்கருக்குப் போகும் முன் அதன் சிக்னல் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் கிடையாது. செலஸ்டியன் விண்டேஜ் 30 போன்ற 12 அங்குல ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும், அதற்கு மேலே சத்தம் சரசரவென்று விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் அத்தனை சொரசொரப்பையும் வடிகட்டி, நடுவில் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேட்டைக் கொடுத்து, நாம் 'கிட்டார் சவுண்டு' என்று அடையாளம் காணும் வடிவத்துக்குக் கொண்டுவருவது அந்தக் காகிதக் கூம்புதான்.

மாடலரில் இந்த வேலையை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் செய்கிறது, சுருக்கமாக ஐ.ஆர். ஒரு கேபினட்டின் முன் மைக்கை வைத்து, சோதனை ஒலி ஒன்றை அனுப்பிப் பதிவு செய்து, அதிலிருந்து பிரித்தெடுத்த சின்னக் கோப்பு அது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 48,000 சாம்பிள் கணக்கில், 2,048 சாம்பிள் என்றால் மொத்தமே 43 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் துளிக்குள் ஸ்பீக்கர், பெட்டி, மைக், மைக் இருந்த இடம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. அடங்காதது ஒன்று உண்டு: ஸ்பீக்கரை முழு வேகத்தில் விரட்டும்போது அதுவே கொஞ்சம் திணறும் பாருங்கள், அந்தத் திணறல் ஐ.ஆரில் வராது. அதைச் சில மாடலர்கள் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்கின்றன.

இனி மைக். ஷூர் எஸ்எம்57 1965இல் வந்தது, இன்னும் கிட்டார் கேபினட் முன்னால் முதலில் வந்து நிற்பது அதுதான், அநேகமாக எல்லா மாடலரிலும் அதன் நகல் இருக்கும். மைக்கின் இடத்தை நகர்த்த விடும் மாடலர் என்றால் இதைச் செய்து பாருங்கள். ஆம்ப்பில் எல்லா நாபையும் நடுவில் வையுங்கள். மைக்கை ஸ்பீக்கரின் நட்டநடுவில், அந்த வட்டமான மூடிக்கு நேராக வையுங்கள். கீழ் ஈ கம்பியில் உள்ளங்கையால் அமுக்கி ஒரு ரிஃப் வாசியுங்கள். பிக் கம்பியில் படும் 'டிக்' சத்தம்தான் முதலில் கேட்கும், நோட்டு அதற்குப் பின்னால் மெலிதாக வரும். இப்போது மைக்கை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்துங்கள். மூடியும் கூம்பும் சேரும் விளிம்பு வரும்போது அந்த 'டிக்' பின்னால் போய் நோட்டுக்கு உடம்பு வரும். இன்னும் தள்ளினால் இருட்டாகி, மேலே போர்வை போட்ட மாதிரி ஆகிவிடும். நாலைந்து சென்டிமீட்டருக்குள் இத்தனை மாற்றம்! ட்ரெபிள் நாபால் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அந்த நாப் டிஸ்டார்ஷன் உண்டாகும் இடத்திலேயே கைவைக்கிறது, மைக் நகர்வது டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு நடப்பது. என்னைக் கேட்டால் விளிம்பில் தொடங்கி, தேவைப்பட்டால் கொஞ்சம் உள்ளே வாருங்கள். பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும். மைக்கைக் கேபினட்டிலிருந்து பின்னால் இழுத்தால் பேஸ் குறையும், அதையும் ஒரு இ.கியூவாகவே நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மைக்கைக் கலப்பதில் ஆசை யாரையும் விடாது, பிரமாதமாகவும் இருக்கும், ஆனால் தூரத்தைக் கவனியுங்கள். ஒன்று இன்னொன்றைவிட 17 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் ஒலி அதை அடைய அரை மில்லிசெகண்டு கூடுதலாகும், இரண்டையும் சம அளவில் சேர்க்கும்போது 1,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். கிட்டாரின் குரல் இருக்கும் இடமே அதுதான். தயாராக விற்கும் ஐ.ஆர். தொகுப்புகளில் இந்த நேர வித்தியாசத்தைச் சரிசெய்துதான் பெரும்பாலும் கொடுப்பார்கள், வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்த இரண்டைக் கலக்கும்போதுதான் சிக்கல். கலந்தபின் சத்தம் ஒல்லியானால் ஒன்றின் ஃபேஸைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) பாருங்கள், இல்லையென்றால் ஒரே மைக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே மைக்கில் பதிவான நல்ல கிட்டார் உலகத்தில் ஏராளம்.

ஐ.ஆர்.களை ஒப்பிடும்போது கட்டாயம் செய்ய வேண்டியது, சத்த அளவைச் சமப்படுத்துவது. ஒன்று இன்னொன்றைவிட 1, 2 டெசிபெல் கூடுதலாக இருந்தாலே நம் காது அதைத்தான் நன்றாக இருக்கிறது என்று சொல்லும். நூறு ஐ.ஆர். உள்ள தொகுப்பை இறக்கி வைத்துக்கொண்டு, எது 'பெரிதாக' கேட்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பேண்டோடு வாசிக்கும்போது காணாமல் போகிறது என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதே காது விஷயம் இன்னொரு விதத்திலும் வரும். 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் காட்டிய விஷயம்: சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நம் காதுக்குக் குறைவாகவே கேட்கும். ராத்திரி ஹெட்போனில் மெதுவாக வைத்துக்கொண்டு டோன் அமைத்தால் என்ன ஆகும்? பேஸ் போதவில்லை என்று ஏற்றுவோம், ட்ரெபிள் போதவில்லை என்று ஏற்றுவோம். மறுநாள் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் கீழே குமுறும், மேலே குத்தும், நடுவில் ஒன்றும் இருக்காது. அதனால் மேடைக்கான ப்ரீசெட்டை (சேமித்து வைக்கும் செட்டிங் தொகுப்பை) மேடை அளவு சத்தத்தில், அதே வகை ஸ்பீக்கரில்தான் முடிக்க வேண்டும். ஹெட்போனில் அமைப்பதைப் பாதி வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேபினட் பிளாக்கிலேயே பெரும்பாலும் கீழ் ஒலிகளை வெட்டும் லோ கட், மேல் ஒலிகளை வெட்டும் ஹை கட் இரண்டும் இருக்கும். கிட்டாரின் கீழ் ஈ 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கும் இடத்தில் நாம் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பத் தேவையில்லை. மேலே 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் எங்காவது வெட்டலாம். தனியாக வாசிக்கும்போது இந்த வெட்டு சவுண்டைச் சின்னதாக்கிவிட்ட மாதிரி தோன்றும். பேண்டோடு கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, ஆம்ப்புக்கு வருவோம். கேபினட் அமைந்துவிட்டால் ஆம்ப் தேர்வு எவ்வளவு லேசாகிவிடுகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும். இப்போது மாற்றும்போதுதான் ஒவ்வொரு ஆம்ப்பின் சுபாவமும் தெரியும்: ஒன்று பிக்கின் அழுத்தத்துக்கு உடனே பதில் சொல்லும், இன்னொன்று கொஞ்சம் அமுங்கி எழும். மாடலர் நல்லதா என்று பார்க்க நான் செய்வது ஒரே சோதனை. கெய்னைக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூம் நாபை 10இலிருந்து 5க்குக் கொண்டுவருவேன். டிஸ்டார்ஷன் படிப்படியாக விலகி, விரல் படும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். திடீரென்று சுத்தமாகிவிட்டாலோ, சத்தம் மட்டும் குறைந்து கரகரப்பு அப்படியே இருந்தாலோ அந்த மாடல் எனக்கு ஒத்துவராது. இன்னொன்றும் உண்டு. மேலே 20ஆவது ஃப்ரெட் பக்கம் ஒரு நோட்டை அதிக கெய்னில் வளைத்து ஏற்றுங்கள். நோட்டு மேலே போகும்போது பின்னணியில் வேறொரு ஒலி கீழே இறங்கினால் அது ஏலியாசிங். 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கருவியால் 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்க முடியும், டிஸ்டார்ஷன் அதற்கு மேல் உண்டாக்கும் ஹார்மோனிக்ஸ் திரும்பி மடிந்து கீழே வந்து விழுகிறது. நல்ல மாடலர்கள் டிஸ்டார்ஷன் பகுதியை மட்டும் பல மடங்கு வேகத்தில் கணக்கிட்டு இதை அடக்கிவிடுகின்றன.

1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற மாடலர் வந்த காலத்தோடு ஒப்பிட்டால் இந்தத் துறை எங்கோ போய்விட்டது. 2006இல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் கெம்பர், 2015இல் ஹீலிக்ஸ் என்று மாடலர்கள் வரிசையாக வந்தன. இன்று இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஆம்ப்பின் சர்க்யூட்டையே கணக்காக எழுதுவது, அதில் நாபைத் திருகினால் அசல் ஆம்ப்பைப் போலவே மாறும். இன்னொன்று கேப்சர், அதாவது ஒரு ஆம்ப்பை ஒரு குறிப்பிட்ட செட்டிங்கில் அப்படியே பிடித்து வைப்பது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் இரண்டாவது வழியில் செய்வதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ஆனால் பொதுவாக ஒரு கேப்சர் என்பது ஒரு செட்டிங்தான். கெய்ன் நாபை அதில் ஏற்றினால் உள்ளே போகும் சிக்னல் கூடும், அசல் ஆம்ப்பின் கெய்ன் நாபைத் திருகிய மாதிரி ஆகாது. கேப்சர் பயன்படுத்தினால் அது கேபினட்டோடு சேர்த்து எடுத்ததா, ஆம்ப் மட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேபினட்டோடு எடுத்ததற்குப் பின்னால் இன்னொரு ஐ.ஆர். போட்டால் எல்லாம் மந்தமாகிவிடும்.

இதே இரட்டைக் கேபினட் சிக்கல் வெளியேயும் வரும். மாடலரை நிஜ கிட்டார் ஆம்ப்பில் செருகுகிறீர்கள் என்றால், உள்ளே கேபினட் பிளாக்கை ஆஃப் செய்துவிட்டு, ஆம்ப்பின் முன்பக்க ஜாக்கை விட்டு பின்பக்க எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் கொடுங்கள். முன்பக்கத்தில் கொடுத்தால் ஒரு ப்ரீஆம்ப் (ஆம்ப்பில் டோனை உருவாக்கும் முன்பகுதி) மேல் இன்னொரு ப்ரீஆம்ப் உட்கார்ந்துவிடும். மிக்ஸருக்கோ ஸ்டுடியோ மானிட்டருக்கோ போனால் கேபினட் பிளாக் ஆன். கணினியில் பிளக்இன் பயன்படுத்துபவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த உள்ளீட்டில்தான் கிட்டாரைச் செருக வேண்டும். அதன் மின்தடை பெரும்பாலும் 1 மெகாஓம் அளவில் இருக்கும், லைன் உள்ளீட்டில் அது மிகக் குறைவு, பிக்கப்பின் பளபளப்பு முழுவதும் அங்கேயே செத்துப்போகும்.

லேட்டன்சி, அதாவது கம்பியைத் தட்டுவதற்கும் சத்தம் கேட்பதற்கும் இடையிலான தாமதம் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்டு ஆகும், ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவருக்கு 9 மில்லிசெகண்டு எப்போதுமே தாமதம்தான். தரையில் வைக்கும் மாடலர்களில் சில மில்லிசெகண்டுதான் வரும். கணினியில் பஃபரை (ஒரு தடவையில் கணக்கிடும் அளவை) 64 அல்லது 128 சாம்பிளில் வைத்தால் பெரும்பாலும் போதும்.

எஃபெக்ட் வரிசைக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை: வா-வா பெடல், கம்ப்ரெஸர், டிரைவ் எல்லாம் ஆம்ப்புக்கு முன், டிலேயும் ரிவெர்பும் பின். ரிவெர்பை மட்டும் மேடையில் பாதியாகக் குறைத்துவிடுங்கள், அரங்கமே தன் பங்குக்கு ரிவெர்ப் கொடுக்கும்.

அப்புறம், பாட்டுக்கொரு ப்ரீசெட் என்று குவிப்பதைவிட ஒரே ஆம்ப், ஒரே கேபினட்டில் ஒரு ப்ரீசெட்டை நன்றாக அமைத்து, அதற்குள்ளேயே கிளீன், கிரன்ச், லீட் என்று ஸ்னாப்ஷாட் (அதே ப்ரீசெட்டின் வெவ்வேறு நிலைகள்) வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். ப்ரீசெட் மாறும்போது பல கருவிகளில் ஒரு சின்ன இடைவெளி விழும், டிலேயின் வால் அறுந்துபோகும். ஸ்னாப்ஷாட்டில் அந்தத் தொல்லை இல்லை, கேபினட்டும் மாறாததால் மிக்ஸரில் இருப்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் இ.கியூவைத் தேடி ஓட வேண்டியதில்லை. லீடுக்கு ஆம்ப்புக்குப் பின்னால் 3 டெசிபெல் ஏற்றினால் போதும். முன்னால் ஏற்றினால் டிஸ்டார்ஷன்தான் கூடும், சத்தம் கூடாது.

ஃபர்ம்வேர் அப்டேட் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கணினியில் நகல் எடுத்து வையுங்கள், ப்ரீசெட்டை மட்டுமல்லாமல் நீங்கள் ஏற்றிய ஐ.ஆர். கோப்புகளையும் சேர்த்து. பல மாடலர்களில் ப்ரீசெட்டுக்குள் ஐ.ஆர். இருக்காது, எந்த இடத்தில் எந்த ஐ.ஆர். என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும்.