கழுகுமலை ஆவுடைத்தங்கம்: இல்லாத பாடகிக்கு மூன்று நிமிடம்

ஆவுடைத்தங்கம் என்று ஒரு பாடகி கிடையாது. முதல் வரியிலேயே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும். தென் தமிழகத்துக் கரிசல் ஊரான கழுகுமலையில் பிறந்து, 1930-களில் ஸ்பெஷல் நாடகம் என்ற விடிய விடிய நடக்கும் மேடை நாடகங்களில் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) கட்டி, ஊர் ஊராகப் பாடி, இசைத்தட்டில் இரண்டு மூன்று பாட்டுப் பதிந்துவிட்டு, சுவடில்லாமல் போன ஒருத்தி என்று நானே எழுதிக்கொண்ட ஆள். ஆறு வாரமாக ராத்திரியில் உட்கார்ந்து அவளுக்குப் பாட்டு உண்டாக்குகிறேன். எழுதுவதும் மெட்டுப் போடுவதும் நான். பாடுவது ஏஐ. இரண்டு பாட்டு முடிந்துவிட்டது, மூன்றாவது பாதியில் நிற்கிறது.

ஏன் நாடகப் பாடகி என்றால், எங்கள் ஆச்சிதான் காரணம். சின்னப் பிள்ளையில் கொடை விழாவுக்கு வண்டி கட்டிப் போய், விடிய விடிய நாடகம் பார்த்ததை இன்றைக்கும் சொல்வாள். ராஜபார்ட் (கதாநாயகன் வேடம்) யார், பபூன் என்ன சொன்னான், ஹார்மோனியக்காரர் எந்த இடத்தில் கை தட்டு வாங்கினார், எல்லாம் சொல்வாள். பாடின பெண்களின் பெயர் மட்டும் அவளுக்கு ஞாபகம் இல்லை. ‘அவ பேரு என்னமோ…’ என்று நிறுத்திவிடுவாள். அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆவுடைத்தங்கம் என்ற பெயரில் உண்மையில் யாரும் பாடியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

தொடங்கும்போதே ஒன்றை முடிவு செய்தேன். வாழ்ந்த எந்தப் பாடகியின் குரலையும் ‘இவரைப் போல’ என்று கருவியிடம் கேட்க மாட்டேன். 2024-இல் ஏ. ஆர். ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏஐ மூலம் ஒரு படப் பாட்டில் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, அதற்கான சன்மானத்தையும் கொடுத்தார். அவருக்கே அது தேவைப்பட்டது என்றால், கே. பி. சுந்தராம்பாளைப் போல ஒரு குரல் வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து நான் எப்படிக் கேட்பது? ‘மூக்கில் லேசாக நிற்கும், மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் எட்டுகிற, முப்பது வயதுப் பெண் குரல்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

முதல் வாரம் பாட்டு வரிகளையும் ஏஐயிடமே கேட்டேன். நிலவே, கனவே, காற்றே என்று அடுக்கியது. தாளம் தட்டினால் தட்டும், ஆனால் கழுகுமலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். அது வரியின் கடைசியில் மட்டும் ஓசையைப் பொருத்துகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும் என்று எதுகையை விளக்கிச் சொன்னாலும், இரண்டு வரி போனதும் விட்டுவிடுகிறது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது கழுகுமலை முருகன்மேல். அந்த மண்ணிலிருந்து வருகிறவளுக்கு எதுகை இல்லாத பாட்டைக் கொடுக்க மனம் வரவில்லை. நானே எழுதினேன்:

கரிசல் வெடிச்ச நிலம் – மழைக்குக்
கையேந்தி நிக்குதடி
பரிசம் பேசிப்போன மேகம் – இன்னும்
பந்தலுக்கு வரலையடி

இந்த நான்கு வரியைச் சரியாகப் பாட வைக்கப் பதினோரு நாள் ஆனது. முதல் தடவையே ‘மலைக்குக் கையேந்தி நிக்குதடி’ என்று பாடியது. கரிசக்காட்டில் நிலம் மலையைப் பார்த்துக் கையேந்தாது, வானத்தைப் பார்த்துத்தான் ஏந்தும். ஒரே எழுத்தில் பாட்டு செத்துப்போனது. அந்தச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்போது ழகரம் ஸகரம் மாதிரி உரசிக்கொண்டு வந்தது. கடைசியில் அந்த ஒரு சொல்லை மலையாள எழுத்தில் கொடுத்ததும் நல்ல ழகரம் கிடைத்தது. ஆனால் அதையடுத்த ஐகாரம் கொஞ்சம் கேரளத்துக்காரி வாயில் வருவது போல இருந்ததால், நன்றாக வந்த அசையை வெட்டி வேறொரு பிரதியில் ஒட்டினேன். ‘பந்தலுக்கு’ இன்னொரு தலைவலி. ந் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் தகரம் மெலிந்து ஒலிக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, வாய் தானாகச் செய்கிறது. நம் எழுத்தில் வல்லினத்துக்கும் மெலிந்த ஒலிக்கும் ஒரே வடிவம் என்பதால் கருவி திணறுகிறது. ஒன்பது பிரதியில் ஒன்றில்தான் சரியாக விழுந்தது.

மெட்டு அடுத்த கதை. செஞ்சுருட்டி ராகம் வேண்டும் என்று, கருவியில் பாட்டின் பாணியைச் சொல்லும் பெட்டியில் எழுதினால், ஏதோ ஒரு பக்திப் பாட்டுச் சாயலில் வந்தது. ஹார்மோனியம் வேறு, பாட்டுக்கு அடியில் மேற்கத்திய கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடித்துக்கொண்டே போனது. நாடகத்தில் ஹார்மோனியக்காரர் அப்படியா வாசிப்பார்? பாடுகிறவள் பின்னாலேயே ஓடுவார், அவள் இழுத்தால் இழுப்பார், விட்ட இடத்தை எடுத்து நிரப்புவார். ராகப் பெயரைச் சொல்லி வேலைக்காகாது என்று தெரிந்தபின், தம்புரா செயலியை ஓடவிட்டு, என் கரகரத்த குரலில் ஒரு கட்டை சுருதியில் மெட்டைப் பாடி போனில் பதிந்தேன் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு, எண் கூடினால் உயரம் கூடும்). அதை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஏழு அரைச்சுரம் ஏற்றினால் ஐந்து கட்டைக்கு வந்துவிடும். மைக் இல்லாத மேடையில் பாடினவர்களுக்கு அந்த உயரம் வேண்டியிருந்தது. ஏற்றின பதிவைக் கருவியில் போட்டு, ‘இந்த மெட்டின் மேல் பாடு, கூட ஒரே ஒரு ஹார்மோனியம், மிருதங்கம்’ என்றேன். அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு, முதல் தடவையாக, அது ஒரு ஆள் பாடுவது போல இருந்தது. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், நான் ஹெட்போனைக் கழற்றாமல் ஆறு தடவை கேட்டேன்.

மறுநாள் ஆச்சியிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

‘ஏ அய்யா, இவ எங்க மூச்சு விடுதா?’

திரும்பப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓர் இடத்தில் பதினேழு விநாடி, நடுவில் காற்று இழுக்காமல், அதே பலத்தோடு பாடுகிறாள். எத்தனையோ தடவை கேட்டும் எனக்கு அது உறைக்கவில்லை. ‘இப்பிடிப் பாடினா விடியுமுன்ன தொண்டை கட்டிப்போவுமே, ரெண்டாம் நாளு நாடகத்துக்கு என்ன செய்வா?’ என்றாள் ஆச்சி. அவள் கவலைப்பட்டது நிஜமாகவே அந்தப் பெண்ணுக்காக.

அன்றையிலிருந்து வேலை மாறிவிட்டது. நீள வரிகளை ஒடித்தேன். ஒவ்வோர் இரண்டு வரிக்கும் ஒரு சின்ன ஹார்மோனியச் சுற்று வைத்தேன். அக்காவை உட்கார வைத்து, பாடப்போகிற மாதிரி மூச்சு இழுக்கச் சொல்லி, பதினைந்து மூச்சு பதிந்தேன். அதில் நாலு தேறியது. அவற்றை வரிகளுக்கு முன்னால் ஒட்டினேன். ஆவுடைத்தங்கத்தின் குரல் கருவியுடையது, மூச்சு என் அக்காவுடையது. இந்த மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பாட்டைப் பழைய இசைத்தட்டு மாதிரி ஆக்குவதற்கு நேரம் அதிகம் எடுக்கவில்லை, ஆனால் நிறையக் கற்றேன். 78 சுற்று வேகத்தில் ஓடும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். நான் நாலு சரணம் எழுதியிருந்தேன். இரண்டைத் தூக்கினேன். தூக்கினபின்தான் பாட்டு நிமிர்ந்தது. ஸ்டீரியோவை மோனோவாக்கி, அடியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் மேலே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டினேன். அக்காவின் மூச்சு பாதி இதில் அமுங்கிப் போனது, இருந்தாலும் அந்த இடைவெளி கேட்கிறது. கீறல் சத்தத்தை முதலில் கண்டபடி தூவியிருந்தேன், பொய்யாக இருந்தது. காரணம் எளிது. தட்டில் ஒரு கீறல் இருந்தால் ஊசி ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தொடும். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் 0.77 விநாடிக்கு ஒரு ‘டிக்’. அந்தக் கணக்கில் வைத்ததும் காது நம்பிவிட்டது.

படம் செய்வதை விட்டுவிட்டேன். கேட்ட தடவையெல்லாம் இன்றைய சினிமா முகம்தான் வந்தது. பெயர் தெரியாமல் போனவளுக்கு முகமும் தெரியாமல் இருக்கட்டும்.

காது நம்பியதில்தான் சிக்கல் வந்தது. முடிந்த பாட்டைச் சொந்தக்காரர்கள் நாலு பேருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தேன், கற்பனைப் பாடகி என்று எழுதித்தான். பத்து நாள் கழித்து அதே பாட்டு வேறொரு குழுவிலிருந்து எனக்கே திரும்பி வந்தது, ‘1932 இசைத்தட்டு, அரிய பதிவு, பகிருங்கள்’ என்ற குறிப்போடு. நான் எழுதினது வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய தட்டுகளைத் தூசி தட்டி, லேபிள் எண்ணைச் சரிபார்த்து, பாடினவர் பெயரை ஒவ்வொன்றாக மீட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையில் நான் ஒரு பொய்ப் பெயரை நுழைத்துவிடக் கூடாது. பெயர் மறந்துபோன நிஜப் பெண்களுக்காகத் தொடங்கியது, அவர்கள் இடத்தில் இல்லாத ஒருத்தியை உட்கார வைப்பதாக முடிந்தால் அது துரோகம்.

அனுப்பினவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். ஆனால் குறிப்பு எழுதினால் உதிரும். உதிராத இடம் பாட்டுக்குள்ளேதான். அப்போதுதான், இந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டில் பாடினவர்களில் ஒருவரான கவுஹர் ஜான் ஞாபகம் வந்தது. 1902-இல் கல்கத்தாவில் அவர் பாடின தட்டுகளின் கடைசியில், ‘மை நேம் இஸ் கவுஹர் ஜான்’ என்று அவரே சொல்வார். தட்டு அச்சாகப் போவது ஜெர்மனிக்கு, அங்கே இருப்பவர்களுக்குப் பாடினவர் யார் என்று தெரிய வேண்டும், அதற்கான ஏற்பாடு என்பார்கள். நான் வைத்துக்கொண்ட 1930-களுக்கு அது பழைய வழக்கம், கால வழுதான். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது இரண்டு பாட்டிலும் ஹார்மோனியம் ஓய்ந்ததும், ஊசி இன்னும் நாலைந்து சுற்று ஓடும்போது, அதே குரல் பேசுகிறது: ‘நான் கழுகுமலை ஆவுடைத்தங்கம். கணினியில் பிறந்தவள்.’ கழுகுமலையில் ழகரம் மறுபடியும் தகராறு செய்தது, மறுபடியும் மலையாள எழுத்துதான் கைகொடுத்தது. இந்தப் பேச்சுக்கு நாலு விநாடி தேவைப்பட்டது. தட்டில் இடம் இல்லாததால் முதல் பாட்டின் கடைசி ஹார்மோனியச் சுற்றை வெட்டினேன்.