ஒரே ஒரு கட்டளை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிய சாக்கை நிறுக்கும் தராசு செய்து கொடுத்திருந்தோம். தொழிலாளி கார்டைக் காட்டிவிட்டுச் சாக்கை வைத்தால் எடை அவர் கணக்கில் ஏறும். உள்ளே 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அட்மெகா328பி என்ற குட்டிக் கணினிச் சில்லு. எடையைப் படிக்க எச்எக்ஸ்711 என்ற இன்னொரு சில்லு.

மூன்றாம் நாளே தோட்டத்துக் கணக்கர், கிராணி அண்ணன் போன் செய்தார். "தம்பி, எப்பவாவது ஒரு சாக்குக்குக் கன்னாபின்னான்னு எடை காட்டுது. அந்த அக்கா காலையிலேர்ந்து பொறுக்குன பழம்ப்பா." அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எச்எக்ஸ்711 தன் 24 பிட்டையும் கிளாக் பின் (சில்லின் ஒரு கால்) ஏறி இறங்க, ஒவ்வொன்றாகத் தரும். அந்தப் பின் 60 மைக்ரோசெகண்டுக்கு மேல் உயர்ந்தே இருந்தால் சில்லு தூங்கப் போய்விடும். பின் உயர்ந்திருக்கும் நேரம் பார்த்து கார்டு ரீடரின் இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திவிட்டுக் குறுக்கே ஓடும் வேலை) உள்ளே புகுந்துகொண்டிருந்தது. கார்டு யாருடையது என்று தேடும் வேலையையும் அதற்குள்ளேயே வைத்திருந்தேன். அது என் தப்பு. அதை வெளியே எடுத்தேன்.

அதோடு விடாமல், 24 பிட்டும் படித்து முடியும்வரை இன்டரப்டையும் மூடினேன். இப்போது கார்டு எண் தொலைந்தது. ரீடர் 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் பேசுகிறது. ஒரு பைட் வந்து சேர 87 மைக்ரோசெகண்ட்தான். நான் மூடியிருந்ததோ அதைப்போல் பல மடங்கு.

பின் உயர்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் மூடினால் போதும். ஆனால் பின்னை ஏற்றும் என் ஃபங்ஷன் வேறொரு ஃபைலில் இருந்தது. எந்தப் பின் என்று கம்பைலருக்கு (நிரலைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) முன்கூட்டித் தெரியாததால், போர்ட்டைத் தேடி, பிட்டை நகர்த்தி, எழுதி என்று ஒரு பெரிய சுற்று. அதை ஹெடருக்குக் கொண்டுவந்து ஸ்டாட்டிக் இன்லைன் (அழைக்கும் இடத்திலேயே ஃபங்ஷனைப் பதிக்கச் சொல்லும் குறிப்பு) ஆக்கி, கம்பைலர் தந்த கட்டளைப் பட்டியலான அசெம்பிளியைத் திறந்து பார்த்தேன். பத்துப் பதினைந்து வரி இருந்த இடத்தில் ஒரே ஒரு எஸ்பிஐ, அதாவது ஒரு பிட்டை ஏற்றும் கட்டளை. சில்லின் கிளாக்கில் 2 சைக்கிள். அழைத்துத் திரும்பும் செலவு மிச்சமானது சிறிய லாபம்தான். பின் எண் மாறிலியாக உள்ளே வந்து சேர்ந்ததுதான் பெரிய லாபம்.

இந்த முறை வேகம் கூடிப்போனது. 2 சைக்கிள் என்றால் 125 நானோசெகண்ட். பின் குறைந்தது 200 நானோசெகண்டாவது உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட். இடையில் ஒன்றும் செய்யாமல் ஒரு சைக்கிளைக் கழிக்கும் நாப் கட்டளை 2 போட்டேன், 250 ஆனது.

சந்தோஷத்தில் பெரிய ஃபங்ஷன்களுக்கும் இன்லைன் போட ஆரம்பித்தேன். அழைக்கும் இடமெல்லாம் ஒரு நகல் விழுந்து, நிரல் தங்கும் 32 கேபி பிளாஷ் நினைவகம் கண்ணெதிரே நிரம்பியது. 3 வரிக்கு மேற்பட்ட ஃபங்ஷனுக்கு இன்லைன் வேண்டாம் என்று லினக்ஸ் கெர்னலின் எழுத்துமுறை விதி சொல்கிறது. மாறிலி தெரிந்தால் சுருங்கிவிடும் ஃபங்ஷனுக்கு மட்டும் விலக்கு. என் பின் ஃபங்ஷன் அந்த விலக்குக்குள் வருகிறது. மற்றவற்றிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆப்டிமைசேஷன் (நிரலைச் சுருக்கி வேகமாக்குவது) இல்லாமல் பில்ட் செய்தால் ஜிசிசி கம்பைலர் வெறும் இன்லைனைப் பொருட்படுத்தாது என்பதால், இதற்கு ஆல்வேஸ் இன்லைனும் சேர்த்தேன். அந்த 2 நாப்புக்கு மேலே காரணத்தைத் தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறேன். வெட்டி வரி என்று நினைத்து யாரும் அழித்துவிடக் கூடாது.