பிளக்கில் கரி பிடிப்பது: கழுவிப் பார்த்ததும் காரணம் தேடியதும்

என்னிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று கார்புரேட்டர் வைத்த ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் பைக். மற்றது பாயின்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் தொட்டும் விலகியும் விடும் தொடுமுனைகள்) வைத்த பழைய டூ ஸ்ட்ரோக். இரண்டிலும் ஸ்பார்க் பிளக் அடிக்கடி கறுத்துப்போகும். காலையில் கிக்கரை உதைத்தால் லேசாக முனகிவிட்டு அடங்கிவிடும். கிளம்பிய பிறகு மேடு ஏறும்போது மிஸ் அடிக்கும். புது பிளக் போட்டால் சரியாகும், கொஞ்ச நாளில் அதுவும் கறுக்கும். பிளக்கை மாற்றிக்கொண்டே போவதைவிட, எப்படிக் கழுவினால் நிலைக்கிறது, எதனால் கரி பிடிக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று தொடங்கிய வேலை இது. நோட்டில் குறித்துவைத்தவற்றிலிருந்து உபயோகமானதை எழுதுகிறேன்.

கரி என்ன செய்கிறது

கரி இடைவெளியை அடைத்துவிடுவதால்தான் பொறி வரவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒரு கரித்துணுக்கு இரண்டு எலக்ட்ரோடுகளுக்கும் நடுவே பாலம் போட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வழக்கமான தொல்லை பீங்கானில்தான்.

நடு எலக்ட்ரோடைச் சுற்றி இருக்கும் வெள்ளைப் பீங்கான் அலுமினியம் ஆக்சைடால் ஆனது. மின்சாரத்தை அது விடாது. கரி அப்படியல்ல, அது மின்சாரத்தைக் கடத்தும். பீங்கான் மூக்கின் மேல் கரி படர்ந்துவிட்டால், நடு எலக்ட்ரோடிலிருந்து வெளி உலோகக் கூட்டுக்கு ஒரு கள்ளவழி கிடைத்துவிடுகிறது. பொறி தாவ வேண்டுமானால், பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில் தரும் மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டி ஏற வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போதே அது கரி வழியாகக் கசிந்தால், தாவும் அளவை எட்டுவதே இல்லை. பிளக் ஷார்ட் ஆகிவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

பிளக்கை வெளியே எடுத்து, ஹெட்டில் தொடவைத்து உதைத்து, பொறி வருகிறது, ஆகவே பிளக் நல்லது என்று முடிவு கட்டுவதை நான் இப்போது நம்புவதில்லை. வெளியே இருப்பது சாதாரணக் காற்று. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் எவ்வளவோ அதிக வோல்ட் வேண்டும். வெளியே நீலமாகப் பொறி விட்ட பிளக் உள்ளே போனதும் ஊமையாகிவிடுவது இதனால்தான். (அந்தச் சோதனையைச் செய்வதானால் பிளக்கை ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வெளியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.)

மெகர் எனப்படும் இன்சுலேஷன் சோதிக்கும் கருவி ஒன்று கைக்குக் கிடைத்தது. பிளக்கின் மேல்முனைக்கும் உலோகக் கூட்டுக்கும் நடுவே எவ்வளவு கசிகிறது என்று அதில் பார்க்கலாம். கசிவு கூடினால் அது காட்டும் மின்தடை குறையும். 10 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் ஸ்டார்ட் ஆவதில் தகராறு தொடங்கும். சாதாரண மல்டிமீட்டர் மிகக் குறைந்த வோல்ட்டில் அளப்பதால் அதில் இந்தக் கசிவு சரியாகத் தெரியாது. ரெசிஸ்டர் வைத்த பிளக்கில் மேல்முனையிலிருந்து நடு எலக்ட்ரோடு வரை ஏறக்குறைய 5 கிலோ ஓம் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மல்டிமீட்டர் போதும்.

கழற்றுவது, நிறம் பார்ப்பது

இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுகிறேன். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பானா போட்டுத் திருகினால் மரை பெயர்ந்து வரும் ஆபத்து உண்டு. கழற்றும் முன் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் அங்கே தேங்கிய மணல் நேராக சிலிண்டருக்குள் இறங்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை, வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் என்றால் நல்லது. உலர்ந்த கறுப்புத் தூள் என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம், அல்லது பிளக் போதுமான அளவு சூடாகவில்லை. ஈரமான, பளபளக்கும் கறுப்பு என்றால் எண்ணெய்: நாலு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கும். வெள்ளைவெளேரென்று கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு, உடனே கவனிக்க வேண்டியது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஐட்லிங்கில் விட்டு நிறுத்திய வண்டியின் பிளக்கைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எந்த வண்டியும் ஐட்லிங்கில் கொஞ்சம் கறுக்கும். காலியான சாலையில் நன்றாக இழுத்து ஓட்டி, அந்த வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து, இன்ஜினை அணைத்து, உருண்டு வந்து நின்ற பிறகு எடுத்த பிளக்தான் உண்மை பேசும். என் நாலு ஸ்ட்ரோக்கில் அப்படி எடுத்தபோது மூக்கின் நுனி பழுப்பாகவும், அடிப்பகுதி கறுப்பாகவும் இருந்தது. ஓட்டத்தில் பெட்ரோல்-காற்றுக் கலவை சரியாக இருக்கிறது, மெதுவாகப் போகும்போதும் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போதும்தான் கரி சேர்கிறது என்று அங்கேயே ஒரு துப்பு கிடைத்தது.

கழுவும் முறைகள்

ஒரே மாதிரி கறுத்த பழைய பிளக்குகளைச் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகச் சுத்தம் செய்து, முன்னும் பின்னும் மெகரில் அளந்தேன்.

கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் காற்றடித்து உலர்த்தியதுதான் எனக்கு மிகவும் திருப்தி தந்தது. உலர்ந்த கரி முழுக்கப் போய்விட்டது, அளவும் நன்றாக ஏறியது. உலர்த்துவது முக்கியம். பீங்கானுக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள ஆழத்தில் ஈரம் தேங்கியிருந்தால் கழுவியதன் பலன் உடனே தெரியாது.

கம்பி பிரஷ் பார்வைக்கு அழகான முடிவு தந்தது. எலக்ட்ரோடும் மரையும் புதுசு போல ஆகிவிட்டன. ஆனால் மெகரில் நைலான் பிரஷ் போட்டதைவிடக் குறைவாகவே காட்டியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பீங்கான் மேல் மெல்லிய சாம்பல் கோடுகள். பிரஷ்ஷின் உலோகமே தேய்ந்து அங்கே ஒட்டியிருக்கிறது. கரியை எடுத்துவிட்டு உலோகத்தைப் பூசினால் கசிவு எப்படி நிற்கும்? அதனால் கம்பி பிரஷ்ஷை மரைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

மணல் பீச்சும் கருவியும் கரியை நன்றாக எடுக்கிறது. ஆனால் மூக்கைச் சுற்றியுள்ள இடுக்கில் மணித்துகள்கள் சிக்கிக்கொள்கின்றன. தட்டியும் ஊதியும் எடுத்த பிறகு ஊசியால் கிளறினால் இன்னும் வருகிறது. அது சிலிண்டர் சுவரில் உரசுவதை நினைத்தாலே எனக்கு ஒப்பவில்லை. நெருப்பில் காட்டுவதும் செய்து பார்த்தேன். உலர்ந்த கரி எரிந்து போகிறது, எண்ணெய் பிடித்ததோ இறுகி ஓடு போல ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் திடீரெனச் சூடேறினால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம் என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

இரிடியம் பிளக் வைத்திருப்பவர்கள் எந்த பிரஷ்ஷையும் நுனியில் வைக்க வேண்டாம். அதன் நடு எலக்ட்ரோடு நுனி அரை மில்லிமீட்டர் அளவுதான். இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், பக்கவாட்டில் தள்ளினால் அந்த மெல்லிய நுனி தாங்காது. கிளீனர் தெளித்து உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிக்கல் பிளக்கில் கழுவுவதோடு சேர்த்து ஒரு சின்ன வேலை செய்கிறேன். மெல்லிய அரத்தால் இரண்டு எலக்ட்ரோடுகளின் முகத்தையும் லேசாக ராவி, மழுங்கிய விளிம்பைக் கூராக்குகிறேன். கூரான விளிம்பிலிருந்து பொறி குறைந்த வோல்ட்டிலேயே தாவும். அதன் பிறகு ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைப் பார்த்து, என் பைக்குக்குச் சொல்லப்பட்ட 0.7 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருகிறேன். வளைக்கும்போது வெளி எலக்ட்ரோடை மட்டுமே தொட வேண்டும். நடு எலக்ட்ரோடில் நெம்பினால் பீங்கானில் விரிசல் விழும்.

இன்ஜினே செய்ய வேண்டிய சுத்தம்

இவ்வளவு செய்தும் கரி திரும்பி வந்தது. நன்றாகக் கழுவிய பிளக்கும் அரைகுறையாகக் கழுவிய பிளக்கும் கறுக்க எடுத்துக்கொண்ட காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இதுதான் என் கவனத்தை பிரஷ்ஷிலிருந்து திருப்பியது.

பிளக் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பீங்கான் மூக்கின் நுனி சுமார் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அதில் படியும் கரி எரிந்துவிடும். 800ஐத் தாண்டி மேலே போனால் பொறி வரும் முன்பே மூக்கின் சூடே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது வரை அது கொண்டுபோகும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே நிற்கும் பிளக்குக்கு பிரஷ்ஷே தேவையில்லை. வீட்டிலிருந்து கிளம்பி, இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்திவிடும் ஓட்டத்தில் மூக்கு கீழ் எல்லையைத் தொடுவதே இல்லை. குளிரில் ஸ்டார்ட் ஆகக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துவிட்டு மறந்துபோனால் கேட்கவே வேண்டாம்.

எனவே நாலு ஸ்ட்ரோக்கில் ஏர் ஃபில்டரை மாற்றினேன். கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டம் சற்று உயர்ந்திருந்தது, ஊசி வால்வ் தேய்ந்திருந்ததால். அதை மாற்றியதும் மட்டம் இறங்கியது. பிறகு ஐட்லிங் கலவைத் திருகைச் சரிசெய்தேன். இன்ஜின் அணையாமல் ஓடத் தொடங்கியதும் சோக்கை எடுத்துவிடுகிறேன். நிற்க வைத்துச் சூடேற்றுவதை விட்டுவிட்டு, மெதுவாக ஓட்டியே சூடேற்றுகிறேன். அவ்வப்போது நீண்ட சாலையில் நன்றாக இழுத்து ஓட்டுகிறேன். இப்போது மூக்கின் அடிவரை பழுப்பு நிறம் வந்துவிட்டது.

இன்னும் சூடான ரகப் பிளக் (மூக்கின் சூட்டை மெதுவாக வெளியேற்றுவது; குளிர்ந்த ரகம் வேகமாக வெளியேற்றும்) போட்டுவிடலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். கலவை கோளாறாக இருக்கும்போது அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கரி மறையும், காரணம் அப்படியே இருக்கும், மேல் எல்லைக்கும் நெருங்கிப் போய்விடுவோம். எண்களிலும் கவனம் வேண்டும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏற ஏற பிளக் குளிர்ந்த ரகம். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் ஏற ஏற சூடான ரகம். ஒன்றைப் பார்த்து மற்றதை வாங்கினால் நேர் எதிராகப் போய்விடும்.

பெட்ரோலே பிளக்கைக் கெடுத்த காலமும் உண்டு. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்று இன்ஜின் நாக்கிங்கை (கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவதை) தடுப்பதைக் கண்டறிந்த பிறகு, அந்த ஈயம் பிளக்கிலும் வால்விலும் படிந்து தொல்லை தந்தது. அதைப் புகையோடு வெளியேற்றவே புரோமின் சேர்மம் ஒன்றையும் சேர்த்துக் கலந்தார்கள். கார்களுக்கான ஈய பெட்ரோல் உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியாவில் நின்றது. பிஸ்டன் இன்ஜின் வைத்த சிறு விமானங்களில் 100எல்எல் என்ற ஈயம் கலந்த பெட்ரோல் இன்னும் ஓடுகிறது. அந்த மெக்கானிக்குகள் பிளக்கிலிருந்து ஈய மணிகளை ஊசியால் நோண்டி எடுக்கிறார்கள்.

மேல்பக்கம்

எல்லோரும் பிளக்கின் அடியைத்தான் பார்ப்பார்கள். மேலே உள்ள வெள்ளைப் பீங்கானில் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் வெளிப்பக்கமாகவே இறங்கிவிடும். அந்த வழியை நீளமாக்கத்தான் அங்கே வரிப்பள்ளங்கள் வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்த பிறகு மிஸ் அடித்தால் முதலில் இதையும் பிளக் கேப்பின் உட்புறத்தையும் துடைத்துப் பார்க்கலாம். பீங்கான் கூட்டைத் தொடும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் வாயு கசிகிறது என்று பதற வேண்டாம். உயர் மின்னழுத்தம் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்துப் படியவைக்கும் கறை அது, வேலையைப் பாதிக்காது.

டூ ஸ்ட்ரோக்கின் பாயின்ட்

இங்கே கதை வேறு. கலவையைச் சரிசெய்தும் கறுப்பு குறையவில்லை. பொறிக்கான மின்சாரத்தைத் தயாரிக்கும் மேக்னெட்டோவின் மூடியைத் திறந்து பார்த்தால் பாயின்ட் முகம் சாம்பல் பூத்திருந்தது, ஒரு முகத்தில் மேடு, எதிர்முகத்தில் பள்ளம். முகம் கெட்டால் காயிலுக்குப் போகும் மின்சாரம் குறையும், பொறி சோர்ந்துவிடும், சோர்ந்த பொறியில் முழுதாக எரியாதது கரியாகி பிளக்கில் உட்காரும், கரி மிச்சமிருந்த பொறியையும் தின்னும்.

எமரி பேப்பரை நான் பயன்படுத்தவில்லை. அதன் துகள் முகத்தில் பதிந்துவிடும். மெல்லிய அரத்தால் மேட்டை ராவி, இரண்டு முகமும் சமமாகத் தொடுகிறதா என்று பார்த்து, கிளீனரில் நனைத்த சுத்தமான காகிதத் துண்டை நடுவே வைத்து, மூடவிட்டு இழுத்தேன். காகிதத்தில் கறை வராதவரை இழுக்க வேண்டும். இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தேன். பாயின்ட்டைத் திறக்கும் கேமை உரசும் ஃபெல்ட் துண்டுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் விட்டால் தெறித்து பாயின்ட்டில் படியும். மேடு பள்ளம் அவ்வளவு இருந்ததற்கு, பாயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அதையும் மாற்றிவிட்டேன்.

பொறி இப்போது தடிமனாக வருகிறது, உதைத்ததும் பிடிக்கிறது.

திருப்பிப் பூட்டும்போது

மரையைச் சுத்தமாக, உலர்வாக வைத்து, கையாலேயே கடைசிவரை சுற்றுகிறேன். அதற்கு மேல் புது வாஷர் என்றால் பானாவில் அரைச்சுற்று, ஏற்கெனவே நசுங்கிய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுதான். மரையில் கிரீஸ் தடவினால் அதே பலத்துக்கு அதிகம் இறுகிவிடும். டார்க் ரெஞ்ச் வைத்திருந்தால் அலுமினிய ஹெட்டில் மரை விட்டம் 14 மில்லிமீட்டர் உள்ள பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12க்கு 15 முதல் 20, 10க்கு 10 முதல் 12.

இப்போதைய நிலை

நாலு ஸ்ட்ரோக்கை இனி சர்வீசின்போது மட்டும் திறந்து பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். டூ ஸ்ட்ரோக்கில் உலர்ந்த கரி போய்விட்டாலும் லேசான ஈரம் மிச்சம் இருக்கிறது, அதில் கியர் ஆயில் வாசனை அடிக்கிறது. கிராங்க் சீல் வழியாக கியர்பாக்ஸ் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது என்பது என் சந்தேகம். கியர் ஆயில் மட்டத்தைக் குறித்துவைத்திருக்கிறேன். புகையும் தொடர்ந்து மட்டமும் இறங்கினால் இன்ஜினை இறக்கி, இரண்டு பக்க சீலையும் மாற்றிவிட்டு, அதே பிளக்கைக் கழுவிப் போட்டுப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.